முப்பதுக்கு முப்பது: அத்திடிய சதுப்பின் கரையிலிருந்து

தெஹிவளையில் எங்கள் வீட்டிலிருந்து அத்திடிய சதுப்பு நிலத்துக்கு அதிக தூரமில்லை. அண்மையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிகாலை, பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு பறவை பார்க்கப் போனேன். அவள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிப்பவள். பாடசாலையில் சுற்றாடல் பற்றி ஒரு செயற்றிட்டம் கொடுத்திருந்தார்கள். நத்தை குத்தி நாரைகள் சேற்றில் மெல்ல நடந்துகொண்டிருந்தன. நாணலுக்குள்ளிருந்து ஒரு நீலத் தாழைக்கோழி எட்டிப் பார்த்தது. அவளோ பறவைகளைவிட, கரையோரமாகத் தெரிந்த மாடி வீடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: "அன்ரி, இது சரணாலயம் என்றுதானே சொன்னீர்கள்? சரணாலயத்துக்குப் பக்கத்திலேயே, உள்ளேயே, எப்படி வீடுகள் இருக்கின்றன?"

நல்ல கேள்வி. அதற்கு ஒழுங்காகப் பதில் சொல்லத் தொடங்கினால் அது அத்திடியவில் நிற்காது; 2030 க்குள் உலக நிலத்திலும் கடலிலும் 30 சதவீதத்தைக் காப்பது என்று நாடுகள் ஒப்புக்கொண்ட கனடாவின் மொன்றியல் வரைக்கும் போகும். அன்று அவளுக்குச் சொன்னதையும், வெயில் ஏறிவிட்டதால் சொல்லாமல் விட்டதையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பாதுகாக்கப்பட்ட பகுதி என்றால் என்ன? ஓர் இடத்துக்கு எல்லை வகுத்து, அங்குள்ள இயற்கையை நீண்ட காலத்துக்குக் காப்பதே நோக்கம் என்று சட்டத்தாலோ வேறு உறுதியான வழியாலோ ஏற்றுக்கொண்டு, அந்த நோக்கத்துக்காகவே நிர்வகித்தால் அது பாதுகாக்கப்பட்ட பகுதி. எல்லை, நோக்கம், நிர்வாகம் ஆகிய மூன்றும் வேண்டும். எல்லை மட்டும் இருந்து நிர்வாகம் இல்லையென்றால் அது வர்த்தமானியில் மட்டும் வாழும் காடு.

இலங்கைக்கு இந்தச் சிந்தனை புதிதில்லை. கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில் மிகிந்தலையில் விலங்குகளுக்கு அடைக்கலம் கொடுக்கப்பட்டது என்ற மரபுச் செய்தியை நாம் எல்லோரும் பாடசாலையில் படித்திருக்கிறோம். நவீன சட்டம் 1937 ஆம் ஆண்டின் விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்திலிருந்து தொடங்குகிறது. மறு ஆண்டே, 1938 இல், யாலவும் வில்பத்துவும் தேசிய பூங்காக்கள் ஆயின.

அந்தச் சட்டத்துக்குள்தான் பிள்ளையின் கேள்விக்குப் பதில் இருக்கிறது. பாதுகாப்பில் பல படிகள் உண்டு. ரிட்டிகல, ஹக்கல போன்ற கடும் இயற்கை ஒதுக்கங்களுக்குள் பொதுமக்கள் நுழையவே முடியாது; அனுமதி பெற்ற ஆய்வாளர்கள் மட்டும் போகலாம். தேசிய பூங்கா முழுவதும் அரச காணி. டிக்கெட் எடுத்து உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வரலாம், வேறொன்றும் செய்ய முடியாது. சரணாலயம் இவற்றைவிடத் தளர்வானது. அதன் எல்லைக்குள் தனியார் காணியும் இருக்கலாம். அங்கே முன்பிருந்தே வாழ்கிறவர்கள் தொடர்ந்து வாழலாம். விலங்குகளுக்குத் தீங்கு செய்வதும் வேறு சில காரியங்களும் தடை. 1990 இல் பிரகடனம் செய்யப்பட்ட பெல்லன்வில - அத்திடிய, ஏறத்தாழ 372 ஹெக்டேயர் பரப்புள்ள ஒரு சரணாலயம். பாராளுமன்றத்தைச் சூழவுள்ள ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டேயும் 1985 முதல் சரணாலயம்தான். நகரம் நெருக்கிக்கொண்டிருக்கும் இடங்களுக்கு இந்தத் தளர்வான வகையே பொருந்தும் என்று அன்று நினைத்தார்கள். ஆனால் அந்தத் தளர்வு வழியாகவே மண் லொறிகளும் குப்பையும் உள்ளே வந்தன.

உலக அளவிலும் இதே போன்ற படிவரிசை உண்டு. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் பாதுகாக்கப்பட்ட பகுதிகளை ஆறு வகைகளாகப் பிரிக்கிறது. முதல் வகை மனிதத் தலையீட்டை மிகக் கடுமையாகக் கட்டுப்படுத்தும் இடம். ஆறாவது வகையில் மக்கள் அளவோடு மீன் பிடிக்கலாம், தேன் எடுக்கலாம், விறகு பொறுக்கலாம். ஆகவே ஒரு நாடு இத்தனை சதவீதம் காத்திருக்கிறது என்று செய்தியில் வந்தால், அது எந்த வகையில் எத்தனை என்று கேட்கப் பழகிக்கொள்ளுங்கள்.

சரி, எங்கள் காட்டை நாங்கள் காக்கிறோம். அதற்கு ஏன் பன்னாட்டு இலக்கு? மன்னாரில் வங்காலை சரணாலயத்தைப் பாருங்கள். வடக்கே குளிர் கூடும்போது ஆசியாவின் வட பகுதிகளிலிருந்து கூட்டம் கூட்டமாகப் பறவைகள் புறப்பட்டு, இந்தியாவைக் கடந்து, அங்கே வந்து இறங்குகின்றன. வழியில் ஒரு நாட்டில் ஒரு ஏரியை மூடிவிட்டால், வங்காலையை நாம் எவ்வளவு கவனமாகக் காத்தாலும் வந்து சேரும் பறவைகள் குறையும். பறவைக்குக் கடவுச்சீட்டு இல்லை. அதன் உயிர் பல அரசுகளின் கையில் இருக்கிறது. அதனால்தான் அரசுகள் ஒன்றாக உட்காரவேண்டியிருக்கிறது.

அப்படி உட்கார்ந்த பெரிய மேடை, 1992 இல் ரியோ டி ஜெனீரோவில் நடந்த புவி உச்சி மாநாடு. உயிர்ப் பல்வகைமை உடன்படிக்கை அங்கேதான் கையெழுத்துக்குத் திறக்கப்பட்டது. 1993 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. இலங்கை 1994 இல் அதை ஏற்று உறுதிசெய்தது. இன்று ஐரோப்பிய ஒன்றியத்தையும் சேர்த்து 196 தரப்புகள் அதில் இருக்கின்றன. அமெரிக்கா இன்னும் சேரவில்லை. உறுப்பு நாடுகள் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை கூடுவது வழக்கம்.

2010 இல் ஜப்பானின் நகோயா நகரில் கூடியபோது, அந்த மாகாணத்தின் பெயரால் ஐச்சி இலக்குகள் என்று 20 இலக்குகளை வகுத்தார்கள். 2020 க்குள் உலக நிலத்திலும் உள்நாட்டு நீர்ப்பரப்பிலும் 17 சதவீதம், கரையோரத்திலும் கடலிலும் 10 சதவீதம் பாதுகாக்கப்படவேண்டும் என்பது அவற்றில் பதினோராவது. பத்து ஆண்டுகள் கழித்துக் கணக்குப் பார்த்தபோது, 20 இலக்குகளில் ஒன்றுகூட உலக அளவில் முழுமையாக நிறைவேறவில்லை. ஆறு மட்டும் ஓரளவு நிறைவேறியிருந்தன. பதினோராவது அந்த ஆறில் ஒன்று. எல்லை வரைவது எளிது என்பதால் பரப்பளவு கூடிவிட்டது. உள்ளே இருந்த உயிர்களின் நிலை அதற்கு ஏற்றபடி உயரவில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளாமல் அடுத்த இலக்கைப் படிக்கக் கூடாது.

அடுத்த இலக்குதான் இப்போது எல்லோரும் பேசும் முப்பதுக்கு முப்பது. 2030 ஆம் ஆண்டுக்குள் உலக நிலத்திலும் உள்நாட்டு நீரிலும் 30 சதவீதத்தையும், கடலில் 30 சதவீதத்தையும் காப்பது என்பது அதன் சுருக்கம். தலைமை வகித்த சீனா குன்மிங் நகரில் நடத்தவிருந்த மாநாடு கொரோனாவால் தள்ளிப்போய், 2021 இல் ஒரு பகுதி அங்கே நடந்து, முடிவெடுக்கும் பகுதி 2022 டிசம்பரில் கனடாவின் மொன்றியலில் நடந்தது. அதனால் குன்மிங் - மொன்றியல் உலகளாவிய உயிர்ப் பல்வகைமைச் சட்டகம் என்று இரண்டு ஊர்ப் பெயர்கள் சேர்ந்துகொண்டன. அதில் 2050 க்கான 4 பெரிய குறிக்கோள்களும் 2030 க்கான 23 இலக்குகளும் உண்டு. முப்பதுக்கு முப்பது என்பது மூன்றாவது இலக்கு. சீரழிந்துபோன நிலத்திலும் நீரிலும் 30 சதவீதத்தை மீளமைக்கும் வேலையை இரண்டாவது இலக்கு சொல்கிறது. பலர் இரண்டையும் ஒன்றென்று குழப்பிக்கொள்கிறார்கள்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். 30 சதவீதம் என்பது உலகம் முழுவதற்குமான கூட்டுக் கணக்கு. ஒவ்வொரு நாடும், ஒவ்வொரு மாவட்டமும் தன் நிலத்தில் சரியாக 30 சதவீதத்தை வேலி போட்டு ஒதுக்கவேண்டும் என்று அதில் எங்கும் இல்லை. அப்படி இருந்தால் கொழும்பு மாவட்டத்தில் பாதிப் பேர் வீட்டைக் காலி செய்யவேண்டியிருக்கும்.

2024 இல் வெளியான உலகக் கணக்கெடுப்பின்படி நிலத்திலும் உள்நாட்டு நீரிலும் 17.6 சதவீதம், கடலில் 8.4 சதவீதம் பாதுகாப்புக்குள் இருந்தன. மீதித் தூரத்தை அந்த அறிக்கையே ஒப்பிட்டுச் சொல்கிறது: நிலத்தில் பிரேசிலும் அவுஸ்திரேலியாவும் சேர்ந்த அளவு, கடலில் இந்து சமுத்திரத்தைவிடப் பெரிய பரப்பு. காலி முகத்திடலில் நின்று மேற்கே பார்த்தால் அடிவானம் வரைக்கும் தெரிவது அந்தச் சமுத்திரத்தின் ஒரு சிறு துண்டு. அப்போதுதான் இலக்கின் பருமன் உறைக்கிறது.

ஆனாலும் நான் அந்தப் பிள்ளையிடம் அதிக நேரம் பேசியது எண்ணைப் பற்றியல்ல. மூன்றாவது இலக்கின் வாசகத்தில் எண்ணோடு ஒட்டிச் சில நிபந்தனைகள் இருக்கின்றன. செய்திகளில் எண் வருகிறது, நிபந்தனைகள் விடுபடுகின்றன. எனக்கு அவைதான் இலக்கின் உயிர்.

பாதுகாக்கும் இடங்கள் எல்லா வகை இயற்கைச் சூழலையும் பிரதிநிதித்துவம் செய்யவேண்டும் என்பது ஒன்று. இலங்கையில் இது எவ்வளவு பெரிய விடயம் என்று பாருங்கள். நாட்டின் நிலத்தில் கால்வாசிக்கும் மேல் ஏதோ ஒரு வகைப் பாதுகாப்பில் இருக்கிறது. உலக சராசரியைவிட நல்ல நிலை என்று மார்தட்டலாம். எனக்கு அந்த ஆறுதல் பிடிப்பதில்லை. பெரிய பூங்காக்கள் அநேகமாக எல்லாம் வறண்ட வலயத்தில் இருக்கின்றன: வில்பத்து, யால, சோமாவதி, மடு வீதி. இந்த நாட்டுக்கே உரிய, வேறெங்கும் இல்லாத உயிரினங்களில் பெரும்பாலானவை வாழ்வதோ தென்மேற்கின் ஈர வலயத்திலும் மலைநாட்டிலும். சனத்தொகை நெருக்கமாக உள்ளதும் அங்கேதான். சிங்கராஜவைப் போன்ற சில பெரிய துண்டுகளை விட்டால் ஈர வலயத்தில் மிஞ்சியிருப்பது சிதறிய சிறு காடுகள். வறண்ட வலயத்தில் இன்னொரு பெரிய காட்டைச் சேர்த்தால் சதவீதம் ஏறும். ஈர வலயத்தின் தவளைக்கும் ஓணானுக்கும் அதனால் ஒரு பயனும் இல்லை.

கொழும்பின் புறநகர்த் தோட்டங்களில் பலா மரங்களில் தாவித் திரியும் ஊதாமுகக் குரங்கை நீங்கள் பார்த்திருக்கலாம். அதன் மேற்குக் கிளையினம், அழிவின் விளிம்பில் உள்ள குரங்கினங்களில் ஒன்று. அதன் வீடு பெரும்பாலும் பூங்காக்களுக்கு வெளியே, நம்முடைய வீட்டுத் தோட்டங்களில். ஒரு காணியைத் துண்டு போட்டு விற்கும்போது வெட்டப்படும் பலா மரம், அந்தக் குரங்குக்கு உணவும் பாதையும்.

பாதை என்றதும் அடுத்த நிபந்தனைக்கு வந்துவிட்டோம்: காக்கப்படும் இடங்கள் ஒன்றோடொன்று இணைந்திருக்கவேண்டும். யானையை எடுத்துக்கொள்ளுங்கள். நாட்டின் நிலத்தில் ஏறத்தாழ 60 சதவீதப் பரப்பில் யானைகள் உலவுகின்றன. அந்தப் பரப்பில் ஏறத்தாழ 70 சதவீதத்தில் மனிதர்களும் குடியிருக்கிறார்கள் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பூங்கா எல்லை யானைக்குத் தெரியாது. பூங்காக்களைத் தீவுகளாக விட்டுவிட்டு இடையில் மின்வேலி போட்டால், இரண்டு பக்கமும் இழப்புத்தான்.

கொழும்பில் இதே பாடத்தைச் சொல்லும் விலங்கு மீன்பிடிப் பூனை. இந்த நகரத்தில், ஆம், இதே நகரத்தில், அது வாழ்கிறது. ஆய்வாளர்கள் கழுத்துப்பட்டி பொருத்திப் பின்தொடர்ந்தபோது, சதுப்பு நிலங்களுக்கும் கால்வாய்க் கரைகளுக்கும் வீட்டு மதில்களுக்கும் இடையே அது இரவில் போய்வருவது தெரிந்தது. தலவத்துகொடவில் தியசரு பூங்கா, கோட்டேயில் பெத்தகான, பத்தரமுல்லைப் பக்கம் தலங்கம குளம் என்று பார்க்கும்போது நமக்குத் தனித்தனிப் பச்சைப் புள்ளிகள். பூனைக்கு அவை கால்வாயால் கோத்த ஒரே ஊர். கால்வாயின் இரு கரைக்கும் கொங்கிரீற் சுவர் எழுப்பினால் எந்தச் சரணாலயத்தின் பரப்பளவும் குறையாது. கணக்கில் ஒன்றும் மாறாது. ஊர் மட்டும் துண்டாகிவிடும்.

உண்மையாகவே பயனுள்ளபடி நிர்வகிக்கவேண்டும் என்பது மூன்றாவது. இதற்கு நீண்ட விளக்கம் வேண்டாம். அத்திடியவில் ஆகாயத்தாமரை நீரை மூடிக் கிடக்கும் ஒரு மூலையில் போய் நின்றால் போதும். களை எடுக்க ஆள், எல்லையைப் பார்க்க ஆள், வழக்குப் போட மனம், இவையெல்லாம் ஒவ்வொரு வருடமும் தேவைப்படும் செலவுகள். வர்த்தமானி ஒரு நாள் வேலை.

நான்காவது நிபந்தனை தமிழ் வாசகர்களுக்கு நெருக்கமானது: நிர்வாகம் நியாயமாக இருக்கவேண்டும், பழங்குடி மக்களின், உள்ளூர்ச் சமூகங்களின் உரிமைகளை மதிக்கவேண்டும். வடக்கிலும் கிழக்கிலும் போரால் இடம்பெயர்ந்து, பல ஆண்டுகள் கழித்துத் திரும்பிய குடும்பங்கள், தாங்கள் பயிர் செய்த காணி இப்போது ஒதுக்கப்பட்ட வனம் என்று எழுதப்பட்டிருப்பதைக் கண்டு திகைத்த கதைகள் பல. ஆளில்லாத காலத்தில் பற்றை மண்டியது; பற்றை மண்டியதால் காடு என்று குறித்தார்கள். காடு காக்கப்படவேண்டும் என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. ஆனால் அங்கே வாழ்ந்தவர்களைக் கேட்காமல் வரைந்த எல்லை காட்டுக்கும் நல்லதல்ல. தன் வாழ்வைப் பறித்த வேலியை எந்த ஊரும் காவல் காக்காது. மூன்றாவது இலக்கின் வாசகத்தில் இந்த நிபந்தனை இடம்பெற்றதற்கும், பல நாடுகளின் பழங்குடி மக்கள் தங்கள் அனுபவத்தைத் திரும்பத் திரும்ப எடுத்துச் சொன்னதே காரணம்.

இங்கே இன்னொரு கருத்தையும் அறிந்துகொள்ளவேண்டும். 30 சதவீதம் முழுவதும் பூங்காவாகவோ சரணாலயமாகவோ இருக்கத் தேவையில்லை. வேறு நோக்கத்துக்காகப் பராமரிக்கப்பட்டாலும், அதன் பலனாக இயற்கை நீண்ட காலம் காக்கப்படும் இடங்களையும் கணக்கில் சேர்க்கலாம் என்று 2018 இல் நாடுகள் ஒப்புக்கொண்டு, அதற்கு வரையறையும் வகுத்தன. கோயில் காடு, ஊர்க்குளமும் அதன் மேற்புறத்து மரச்செறிவும், குடிநீருக்காகக் காக்கும் நீரேந்துப் பகுதி போன்றவை தகுதிபெறலாம். பலன் இருப்பதைக் காட்டவேண்டும் என்பதுதான் நிபந்தனை. பச்சையாகத் தெரியும் கோல்ப் மைதானத்தையெல்லாம் சேர்த்துச் சதவீதத்தைக் கூட்டிக்கொள்ள முடியாது.

கடலில் நம் நிலை கவலைக்குரியது. இலங்கையின் கடல் எல்லைக்குள் சுமார் 5 இலட்சம் சதுர கிலோமீற்றர் பரப்பு இருக்கிறது. நிலத்தைப் போல ஏழு மடங்குக்கும் அதிகம். கற்பிட்டிக்கு அப்பால் உள்ள முருகைக்கல் திட்டு, திருகோணமலையில் புறாத் தீவு, ஹிக்கடுவ என்று எண்ணிப் பார்த்தால், சட்டப்படி காக்கப்படும் கடல் மொத்தத்தில் ஒரு சதவீதத்தைக்கூட எட்டாது. 2017 இல் இழுவைமடி மீன்பிடியைச் சட்டத்தால் தடைசெய்தது பெரிய முன்னேற்றம். கடலடியை வாரிச் சுரண்டும் அந்த முறையால் பாக்கு நீரிணையில் வடபகுதி மீனவர்கள் பட்ட இழப்பை அவர்களைக் கேட்டால் தெரியும். அதே நீரில் கடற்பசுவும் மேய்கிறது. எதிர்க்கரையில் தமிழ்நாடு 2022 இல் கடற்பசுவுக்கென்றே ஒரு காப்பகத்தைப் பிரகடனம் செய்தது; புல் மேயும் அந்த விலங்குக்கு எல்லைக்கோடு இரண்டு பக்கமும் ஒரே புல்வெளி.

எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத ஆழ்கடலுக்குப் பாதுகாப்பு எல்லை வகுக்க அண்மைக் காலம் வரை பொதுவான வழியே இருக்கவில்லை. உலகக் கடலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அதுதான். 2023 இல் ஏற்றுக்கொள்ளப்பட்ட ஆழ்கடல் உடன்படிக்கை 2026 ஜனவரி 17 ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. அது இல்லாமல் கடலில் 30 என்பது வெறும் பேச்சு.

பணம் பற்றிச் சுருக்கமாக. 2030 க்குள் உலகம் முழுவதும் எல்லா வழிகளிலும் ஆண்டுக்கு 200 பில்லியன் டொலர் திரட்டுவது, அதில் வளர்ந்த நாடுகளிலிருந்து வளரும் நாடுகளுக்கு ஆண்டுக்கு 30 பில்லியன் டொலரேனும் வந்து சேர்வது என்று மொன்றியலில் ஒப்புக்கொண்டார்கள். 2024 இல் கொலம்பியாவின் காலி நகரில் நடந்த மாநாடு இந்தப் பணத் தகராற்றில் முடிவில்லாமல் கலைந்து, 2025 பெப்ரவரியில் ரோமில் மீண்டும் கூடவேண்டியிருந்தது. கடன் சுமையில் நிற்கும் இலங்கை போன்ற நாட்டில், காவலர் சம்பளத்துக்கும் ஜீப் எரிபொருளுக்கும் காசு எங்கிருந்து வரும் என்பதே இந்த இலக்கின் நடைமுறைக் கேள்வி.

கொழும்புக்கு உள்ள ஒரு தனிச் சிறப்பைச் சொல்லாமல் விட முடியாது. ஈரநிலங்களுக்கென்று 1971 இல் ஈரானின் ராம்சார் நகரில் கையெழுத்தான தனி உடன்படிக்கை ஒன்று உண்டு. அதன் பட்டியலில் இலங்கையின் ஆறு இடங்கள் இருக்கின்றன. வங்காலையும் அவற்றில் ஒன்று. 2018 இல் அந்த உடன்படிக்கை முதன்முறையாக உலகின் 18 நகரங்களுக்கு ஈரநில நகரம் என்ற அங்கீகாரத்தைக் கொடுத்தபோது கொழும்பும் அதில் இடம்பிடித்தது. இது பெருமைக்குரியது, ஆனால் பட்டம் கிடைத்ததால் ஒவ்வொரு சதுப்பு நிலத்துக்கும் சட்டப் பாதுகாப்பு வந்துவிடவில்லை. 2010 நவம்பரில் ஒரே இரவில் கொட்டிய மழையில் பாராளுமன்றச் சுற்றுப்புறமே வெள்ளத்தில் மூழ்கியதை இந்த நகரத்தில் வாழ்ந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மழைநீரை வாங்கிவைத்து மெல்ல விடும் வேலையைச் சதுப்பு நிலங்கள் கூலி கேட்காமல் செய்கின்றன. அவற்றை நிரப்பிக் கட்டிய வீட்டுக்குள் தண்ணீர் வரும்போது, அது தன் பழைய இடத்துக்குத்தான் வருகிறது.

வெயில் ஏறியதும் வீடு திரும்பினோம். செயற்றிட்டத்துக்கு முப்பது சதவீதத்தைக் காட்டும் ஒரு வட்ட வரைபடம் வரையப்போவதாகக் காலையில் சொன்னவள், வழியில் மனதை மாற்றிக்கொண்டாள். எங்கள் ஒழுங்கைக்குப் பின்னால் ஓடும் கால்வாய் எந்தச் சதுப்பில் தொடங்கி எங்கே போய்ச் சேருகிறது, இடையில் எத்தனை இடங்களில் கரையில் இன்னும் மண்ணும் மரமும் இருக்கின்றன என்று நடந்து பார்த்து வரையவேண்டுமாம். வருகிற ஞாயிறு ஆறு மணிக்குப் புறப்படுவதாக ஏற்பாடு. தாயார் சம்மதித்துவிட்டார்; சப்பாத்து சேறாகும் என்று மட்டும் எச்சரித்திருக்கிறார்.